மிளகாய் டப்பாவுக்குள் ஒரு டிப்ளமா

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று தன் டிப்ளமாவை நகலெடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். நேராக இரண்டாம் வருஷ இன்ஜினீயரிங்கில் சேர்கிறாளாம், போனிலேயே விண்ணப்பித்துவிட்டாளாம். நல்லா இரும்மா என்று வாய் சொன்னது. மூக்கில் மிளகாய் நெடி ஏறியது. சிரிக்காதீர்கள், என் டிப்ளமாவுக்கு அந்த வாசனைதான்.

கடம்பத்தூர் வீட்டில் அம்மா அதைக் காய்ந்த மிளகாய் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். பூச்சி அரிக்காது என்பது ஒரு காரணம். யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுதான் நிஜக் காரணம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்த்தேன். அப்பா இல்லை, இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத்தில் பழக்க ஆள் எடுத்தார்கள். ஆனால் டிப்ளமாக்காரன் கூடாது. மெஷினில் நிறுத்தினால் நாலு மாசத்தில் சூப்பர்வைசர் நாற்காலி கேட்பானாம். எஸ்.எஸ்.எல்.சி. என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பள்ளி முடித்து இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்றார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். எங்களுக்குக் கீரை விதைக்கக்கூட நிலம் கிடையாது.

அதன் பிறகு நடிப்புதான். வரைபடத்தை விரித்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். ஒருமுறை சூப்பர்வைசர் அளவைத் தப்பாகப் படித்தார். பார்த்ததுமே தெரிந்தது, வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் வேலை முழுக்கக் கழிவு இரும்பாகப் போனது. கவனமில்லாதவன் என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

மூன்று வருஷம் கழித்து, வேலை பார்க்கும் டிப்ளமாக்காரர்களுக்குச் சென்னைக் காலேஜ் ஒன்றில் மாலை நேர இன்ஜினீயரிங் வகுப்பு இருப்பது தெரிந்து விண்ணப்பித்தேன். சீட்டு கிடைத்துவிட்டது. ரயிலில் நின்றுகொண்டே படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரே ஒரு படிவத்தில் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும்: டிப்ளமா பெற்ற இந்த ஊழியர் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று. அது வரும் என்று முதலிலேயே தெரியும். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நம்பியிருந்தேன். வயசு அப்படி.

ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்து, எண்ணெய்க் கறையோடு, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க் சுப்பராயுலுவிடம் நீட்டினேன். ஆரம்பாக்கத்துக்காரர், தங்கமான மனிதர். இரண்டு தடவை படித்தார்.

"நைனா, இத உள்ள குடுத்தா, பொய் சொல்லிக்கினு வந்தவன்னு இன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்புவாங்க. வேல போச்சுன்னா காலேஜும் சேத்துக்காது. வேலைல இருக்கறவனுக்குத்தான அந்த சீட்டு? இன்னா பண்ணச் சொல்ற?"

படிவத்தை மடித்து என் பையிலேயே திரும்பச் செருகினார். தான் எதையும் பார்க்கவில்லை என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, அதுதான் இன்றைக்கும் ஆத்திரம்.

ஊருக்குப் போனால் அம்மா டிப்ளமாவை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன்.

"மூணு வருசம் படிச்சத எத்தினி வருசம்டா ஒளிச்சி வெக்கறது?" என்றாள்.

கை கழுவப் போனேன். படிவத்தைக் கிழித்ததை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

தொழிற்சாலை மூடியபோது சர்வீஸ் சர்டிபிகேட்டில் என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்றே இருந்தது. சுப்பராயுலு இல்லை, அம்மா இல்லை. லேத் நின்ற கொட்டகை இப்போது யாருடைய பார்சலுக்கோ கிடங்கு.

நேற்று அந்தப் பெண் போகும்முன் தான் போட்ட வரைபடம் ஒன்றை ஆசையாக விரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுல்ல தாத்தா?" என்றாள்.

தெரியாதும்மா என்றேன். முப்பது வருஷம் சொன்ன அதே பதில்தான். இப்போது அது பொய் இல்லை.