கோபம் தணிந்ததாம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். அம்மா கீழ்க்கட்டளையில் மீன் விற்கிறாள். நான் நாவலூரில் ஏசி அறையில் உட்கார்ந்து ஊரின் மனநிலையைப் படிக்கிறேன். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். மக்கள் இணையத்தில் போடும் பதிவுகளை ஏரியாவாரியாகத் திரட்டி, எங்கே கோபம் ஏறுகிறது, எங்கே தணிகிறது என்று மென்பொருள் கோடு போட்டுக் காட்டும். அதன் கீழே காரணம் எழுதுவது என் வேலை.

ஊரே வெள்ளத்தில் மிதந்த அந்த மழையில், உதவி செய்யும் ஒரு வாடிக்கையாளருக்காக வேலை செய்தோம். கோபம் அதிகமுள்ள இடத்துக்குத்தான் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை முதலில் அனுப்புவார்கள். பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். அம்மா கட்டில் மேல் அடுப்பை ஏற்றியிருந்தாள்.

"இந்தத் தண்ணில ஆபீசு போயி இன்னாத்தடி கிழிக்கப் போற?"

"நான் போனாத்தாம்மா இங்க மோட்டார் வரும்."

"அப்ப போ. திரும்பி வரச்சொல்ல மோட்டாரோட வா. கைய வீசிக்கினு வந்தேன்னா வூட்டுக்குள்ள வுட மாட்டேன்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் டீம் லீடர் திரையைக் காட்டிச் சிரித்தார்.

"பாத்தியாம்மா, பள்ளிக்கரணை கூல் ஆயிடுச்சு. நாவலூர்தான் கொதிக்குது. உதவி போய்ச் சேர்ந்ததால மக்கள் நிம்மதின்னு போட்டுடு."

"சார், எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல. டவரும் இல்ல. போனெல்லாம் செத்துக் கிடக்கு. எதுல போஸ்ட் போடுவாங்க?"

"உன் வீடு அங்க இருக்கு. அதான் எமோஷனலா பேசுற. டேட்டா சொல்றத எழுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டேட்டாவையே எடுத்துக் காட்டினேன். கோபப் பதிவு மட்டுமா குறைந்திருந்தது? காலை வணக்கப் படங்கள் இல்லை, கிரிக்கெட் சண்டை இல்லை, பிறந்தநாள் வாழ்த்தும் இல்லை. நிம்மதி அடைந்தவர்கள் காலை வணக்கம் சொல்வதையுமா நிறுத்திவிடுவார்கள்? நாவலூர் அடுக்குமாடிகளில் ஜெனரேட்டர் ஓடியது, வைஃபை இருந்தது. அடித்தளத்தில் கார் நனைந்ததற்கு அவர்கள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல பாயிண்ட்தான். அடுத்த ரிப்போர்ட்ல பாத்துக்கலாம்" என்றார் சார். நான் எழுத மறுத்தேன். அவரே எழுதி அனுப்பினார். நான் படித்து வாங்கிய பட்டத்துக்கு அந்த அறையில் இருந்த மதிப்பு அவ்வளவுதான். மோட்டார் நாவலூருக்குப் போனது. நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, கட்டில் மேல் ஏறி அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தண்ணீர் தானாகத்தான் வடியத் தொடங்கியது. கரண்ட் வந்ததும் பள்ளிக்கரணையின் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"திடீர்னு என்னம்மா இவ்ளோ கோபம்? யாரோ தூண்டி விடுறாங்கன்னு போடலாமா?" என்றார் சார்.

யார் தூண்டிவிடுவது? ஊறிப்போன அரிசி மூட்டையா? நான் எழுதினேன்: 'இது புதுக் கோபம் இல்லை. அப்போது எழுத வழியில்லாததை, போனில் சார்ஜ் ஏறியதும் எழுதுகிறார்கள்.' அவர் கை வைப்பதற்குள் வாடிக்கையாளருக்கே நேராக அனுப்பினேன். என்னைக் கேட்காமல் எப்படி அனுப்பலாம் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன்.

மறுநாள் மோட்டார் வந்தது. தெருவில் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடி, சேத்த உறிஞ்சவா இத்த இட்டாந்த? சட்னி அரைக்கக்கூட ஆவாது போல கீதே!"

மோட்டாரோடு வந்தவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா விளக்குமாற்றை என் கையில் திணித்தாள். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வாரினேன்.