நஸீர் நானாவின் காலைக் கோப்பு

அன்று காலை நஸீர் நானாவின் கோப்பு வரவில்லை. அக்குறணையில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துத் தேநீர் ஊற்றினேன். அப்போதுதான் அவருடைய மகள் ரிஸ்னா அழைத்தாள். "அக்கா, வாப்பா மவுத்தாகிட்டாங்க. சுபஹு தொழ எழும்பவே இல்ல." நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அவரிடம் கல்யாணக் கார்டு அடித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கார்டை வடிவமைப்பது நான், அச்சடிப்பது அவர். அக்குறணையில் அவர் அச்சகத்துக் கம்பியூட்டரில் லினக்ஸ், அம்பிட்டியவில் என் அறையில் விண்டோஸ். கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒருமுறை மண்டபத்தின் பெயரைத் திருத்தாத பழைய கோப்பு அச்சாகிவிட்டது. விருந்தாளிகள் பட்டுச் சேலையோடு வேறொரு மண்டபத்தின் பூட்டிய கேட்டில் நின்றார்கள். நானா யாரையும் ஏசவில்லை. இங்கே நான் சேமிப்பது தானாகவே அங்கே போகவும், அங்கே அவர் திருத்துவது இங்கே வரவும் ஒரு மென்பொருளைப் போட்டார்.

"இனி பஸ்ஸும் வேணாம், பிழையும் வேணாம் புள்ள," என்றார். எனக்கு அந்தப் பஸ் பயணம் இல்லாமல் போனதுதான் கவலை. வாய்விட்டுப் பேச எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான்.

சொல்லாமலே அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். இணைப்பைச் சோதிக்கிறேன் என்று தினமும் காலையில் ஒரு சின்னக் கோப்பு அனுப்புவார். உள்ளே ஒரே வரி. "இங்க மழை. அங்க எப்பிடி?" நான் கீழே பதில் எழுதிச் சேமிப்பேன். "தினமுமா நானா சோதிக்கணும்?" என்று சீண்டினால், "மெஷின நம்பேலா புள்ள," என்பார். அது ஒருநாளும் பிழை விட்டதில்லை.

போன கிழமை ரிஸ்னா மறுபடி அழைத்தாள். "அக்கா, கம்பியூட்டர மாமாக்குக் குடுக்கப் போறோம். எல்லாத்தையும் அழிக்கட்டுமா?"

பதறிப்போனேன். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும், நானா அப்படித்தான் அமைத்திருந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் ஈக்கணும்," என்பார். வேறிடத்தில் நகல் எடுத்திருக்கலாம்தான். ஆனால் அவருடைய வரிகள் என் கண்முன்னே ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதற்கு முன் இணைப்பை நானே துண்டிக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம் பொறும்மா," என்று சொல்லிவிட்டு, அவருடைய கடைசிக் கோப்பைத் திறந்து கீழே எழுதினேன்: "இங்கயும் மழை, நானா." போய்ச் சேர்ந்ததற்கான பச்சை அடையாளம் வந்தது. அதன் பிறகு துண்டித்தேன். "இப்ப அழிங்க," என்றேன்.

அந்தக் கோப்புறை என்னிடம் இருக்கிறது. அவருடைய பழக்கமும் இருக்கிறது. இப்போதும் காலையில் ஒரு வரி எழுதிச் சேமிக்கிறேன். அது எங்கேயும் போவதில்லை.