வரேன் என்று சொன்னவர்கள்

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். எப்படி வரும்? அவளுக்கும் சேர்த்து வீட்டில் நான்தானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்! என் அண்ணன் மேல் அவள் படவேண்டிய கோபம் முழுவதையும் நான் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, அதனால் இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். நேரில் 'வாங்க, போங்க'தான். இல்லாவிட்டால் எங்கள் அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

அண்ணிக்குப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அவள் சேர்ந்தபோது பிரிவு என்று பேர்தான் பெரிது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குத் தூசி படாமல் ஒரு துணி உறை. உறையைத் தைத்துக் கொடுத்தவள் நான். இப்போது தனி அறை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு எல்லாம் வந்துவிட்டன. எந்த மாடியில் எந்தத் திரை கறுத்துப் போனாலும், எந்தப் பிரின்டர் காகிதத்தை மென்றுகொண்டு விடமாட்டேன் என்றாலும் அண்ணியைத்தான் தேடுவார்கள். "சர்வர் போச்சு, சர்வர் போச்சு" என்று அலறிக்கொண்டே ஓடி வந்து வந்து, கடைசியில் அவள் பேரே 'சர்வர் அக்கா' ஆகிவிட்டது. ஒருநாள் வராந்தாவில் காத்திருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பேரைக் காதில் வாங்கிவிட்டு, "ஏம்மா சர்வர், ஒரு டீ குடும்மா, சக்கரை கம்மியா" என்றாராம். இவள் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள்! வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் கதைக்கு வருகிறேன். இங்கே அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும், "கொஞ்ச நாள் வெளிநாட்டுல இருந்துட்டு வந்துடறேன்" என்று போனான். அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போகிறது. நடுவில் லீவில் வந்தான், போனான். கடைசியாக எப்போது வந்தான் என்று எனக்கு யோசித்தால்தான் தெரியும், அண்ணிக்கு யோசிக்க வேண்டாம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு வந்து இருந்துவிட்டேன். கூடத்து ஜன்னலோரம் என் மெஷின், எதிர்ச் சுவரோரம் அவள் மேசை, அதில் கடகடக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர். இரண்டும் சேர்ந்து ஓடினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் பண்ணுவான். அதற்கு முன்னாலேயே அண்ணி தலை வாரி, முகம் கழுவி, மேசைக்கு முன் உட்கார்ந்துவிடுவாள். முகம் பார்க்கிற போனும் இல்லை, வெறும் குரல்தான்.

"யாரு பாக்கப் போறாங்கன்னு இந்த அலங்காரம் அண்ணி?" என்பேன்.

"சும்மா இரேன் நீ" என்பாள்.

அங்கே வெயிலா, இங்கே மழையா, முதுகு வலி எப்படி, மாடித் தொட்டி ஒழுகுவது நின்றதா. இவ்வளவுதான் பேச்சு. கடைசியில் அவன் "சரி, வரேன்" என்பான். இவள் "சரி, வாங்க" என்பாள். வைத்த பிறகும் போனைக் கீழே வைக்க மாட்டாள், கையிலேயே கொஞ்ச நேரம் இருக்கும்.

"என்னதான் சொன்னான்?"

"வரேன்னார்."

"தண்ணி கேன் போடறவரும்தான் தினம் வரேன்னு சொல்லிட்டுப் போறார்!"

அவள் எழுந்து போய் அண்ணன் சட்டைகளை எடுத்து உதறி மறுபடி மடித்து வைப்பாள். போடாத சட்டை எத்தனை தடவை கசங்கும்?

இப்படி இருக்கும்போதுதான் கண் பிரிவின் தலைவலி அண்ணி தலையில் வந்து விழுந்தது. பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தால் பாதிப் பேர் வருவதில்லை. வரமாட்டார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடலாம். தெரியாததால் உள்ளே நாற்காலி காலி, வெளியே பார்வை மங்கிக்கொண்டே போகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சரி, முந்தின நாளே எல்லோருக்கும் மெஷினே போன் பண்ணிக் கேட்கட்டும் என்று முடிவானது. 'வருவதானால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும்.' எந்த மகராசன் யோசனையோ! கண் தெரியாமல்தானே ஐயா கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்! ஒன்றும் இரண்டும் பளிச்சென்று தெரிந்தால் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

அண்ணிதான் மேலிடத்தில் சொல்லிச் சொல்லி அதை மாற்ற வைத்தாள். மெஷின் வாயால் கேட்கட்டும், மனிதர்கள் வாயால் பதில் சொல்லட்டும். அதைச் செய்து தர மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வழுக்கை விழுந்த, நிதானமான மனிதர். எதைக் கேட்டாலும் "சின்ன விஷயம்தான் மேடம்" என்பார்.

"பேசறதை மெஷின் எழுத்தாக்கிடும் மேடம். எந்த வார்த்தை வந்தா வருவாங்க, எந்த வார்த்தை வந்தா வரமாட்டாங்கன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அண்ணி சொன்னாள். முடியாது, ஆகாது, இன்னொரு நாள் என்றால் வரமாட்டார்கள். வரேன், வந்துடறேன், வருவேன் என்றால் வருவார்கள். கூடவே தன் பங்குக்கு ஒரு விதியும் சேர்த்துக் கொடுத்தாள். இரண்டு விதமாகவும் பேசினால் கடைசி வார்த்தைதான் கணக்கு. அன்று சாயங்காலம் அதை என்னிடம் பெருமையாகவே சொன்னாள்.

"மனுஷங்க முதல்ல முடியாது, பாக்கலாம்னு இழுப்பாங்க. வைக்கும்போது என்ன சொல்றாங்களோ, அதுதான் மனசுல இருக்கறது."

நானும் தலையாட்டினேன். கையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை, பாதிதான் காதில் விழுந்தது.

மெஷின் ஓட ஆரம்பித்த அன்று திரை முழுக்கப் பச்சை. ஏறக்குறைய எல்லோரும் வருகிறார்களாம்! பெரிய டாக்டரே அண்ணியின் அறைக்கு வந்து பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை கண் டாக்டரம்மா காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் அப்படியே. அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சர்வர் அக்கா, உங்க மெஷின் கூப்பிட்டவங்க எல்லாம் எங்க? ஆவியா வந்துட்டுப் போறாங்களா?"

அண்ணி தன் அறைக்குத் திரும்பினாள். வழியில் ஒரு பெண், தன் அம்மாவைக் கைப்பிடித்து மெல்ல வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். யாராவது வராமல் இருந்தால் உள்ளே விடுவார்கள் என்று விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்கள். திரையில் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டியதால் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று இரவு அண்ணி சாப்பிடவில்லை.

மெஷின் சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஒரு வார்த்தை பிசகவில்லை என்று மென்பொருள்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பதிவான பேச்சுகளை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஒரு ஆள் காது போதாது, நீயும் வா" என்றாள். ஒரு இயர்போனில் ஆளுக்கு ஒரு காது வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நாளைக்கா? ஐயையோ, எப்படிம்மா முடியும்? மருமக வேற இல்ல, வீட்டைப் போட்டுட்டு எப்படி? அடுத்த வாரம் பாக்கலாம். சரிம்மா, வரேன்."

அடுத்தவர் ஒரு கிழவர். பக்கத்திலிருந்தவரிடம் கேட்கிறார். "முடியாதுன்னு சொல்லிட்டேன். இது மிஷின்தானே பேசுது? இதுகிட்ட என்ன சொல்லிட்டு வைக்கறது? சரி மிஷினு, வரேன்!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"அண்ணி, இது வர்ற வரேன் இல்ல, போற வரேன்!"

அவள் சிரிக்கவில்லை. இயர்போனைக் காதிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"போறேன்னு சொல்லக் கூடாதுன்னுதானே எல்லாரும் வரேன்னு சொல்றோம். நானே தினம் அப்படிச் சொல்லிட்டுத்தான் ஆபீஸ் கிளம்பறேன். பச்சைக் குழந்தைக்குத் தெரியும் இது. எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

எனக்குத் தெரிந்தது, ஆனால் சொல்லவில்லை. ஆபீஸில் அவள் நாற்காலியில் வேறு யாரை உட்கார வைத்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். வந்தவர்கள் பேச்சு ஒரு பக்கம், வராதவர்கள் பேச்சு ஒரு பக்கம். இரண்டு பக்கத்திலும் வரேன் இருந்தது. ஆனால் நிஜமாக வந்தவர்கள் ஏதாவது ஒன்று கேட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வரலாமா, எந்த வாசல், பழைய கண்ணாடியை எடுத்து வரணுமா, கூட ஆள் வேணுமா. கிளம்புகிற நினைப்பு இருக்கிறவனுக்குத்தானே வழியைப் பற்றிய கவலை! அதனால் இனிமேல் மெஷினே "யாரோடு வருவீங்க?" என்று கேட்கட்டும், அதற்குப் பதில் சொல்லாதவர்கள் இடத்தை அன்றைக்கே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணி எழுதிக் கொடுத்தாள். "சின்ன விஷயம்தான் மேடம்" என்றார் மென்பொருள்காரர். நாற்காலிகள் நிரம்ப ஆரம்பித்தன. திரும்பிப் போன அந்த அம்மாவையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி சரியாகிவிட்டது, வீடு சரியாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி தலை வாரவில்லை.

"இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட வர்றதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல" என்றாள். "சாவி யாருகிட்ட இருக்குன்னுகூடக் கேட்டதில்ல. அவர் வரவே மாட்டாரோ?"

அந்தக் கேள்வியை அவள் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. அண்ணனை ஓயாமல் திட்டுகிறவள் நான், அன்று அவனுக்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. இந்தப் பெண் இப்படி ஏங்கி ஏங்கிக் காத்துக் கிடக்கிறாளே, அந்தக் கல்நெஞ்சனுக்கு இது எப்போதுதான் உறைக்கும்?

போன் அடித்தது. அண்ணி அதை எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். வெயில், மழை, முதுகு, தொட்டி எல்லாம் ஆனது.

"சரி, வரேன்" என்றான் அண்ணன்.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"வரேன்னு சொன்னேன்."

"எப்ப?"

கட் ஆகிவிட்டதோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன். ஆகவில்லை.

"நீ இதுவரைக்கும் கேட்டதே இல்லையே" என்றான்.

"கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு கேக்கல."

"நீ கேக்காததால நான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டேன். போன தடவை வந்தப்போ செருப்பை எங்க கழட்டி விடறதுன்னுகூடத் தெரியாம வாசல்ல நின்னேன். நீங்க ரெண்டு பேரும் உங்க பாட்டுக்கு வேலையைப் பாத்துட்டு இருந்தீங்க. நான் இல்லாமலே வீடு நல்லாத்தான் ஓடுதுன்னு தோணிச்சு. நான் வரேன்னா நீ வாங்கங்கற. அது போனை வைக்கறதுக்குச் சொல்ற வார்த்தைன்னு நினைச்சேன்."

அவன் செருப்பு விடுகிற இடத்தில் என் துணி மூட்டை கிடந்தது வாஸ்தவம்தான். அதற்காக ஒரு மனுஷன் ஊர்ப் பக்கமே வராமல் இருப்பானா? மூட்டையைக் காலால் ஒரு எத்து விட்டால் நகர்ந்திருக்குமே! இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, இருந்து என்ன பிரயோஜனம்?

"அப்போ..." என்று இழுத்தான் அண்ணன். "வரட்டுமா?"

பாழாய்ப்போன பேச்சு! வீட்டுக்கு வரவா என்று கேட்டாலும் வரட்டுமா, போனை வைக்கவா என்று கேட்டாலும் வரட்டுமா. அத்தனை பேர் குரலைப் பிரித்தெடுத்த எங்களுக்கு இந்த ஒன்றைப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, எதுவானாலும் முழுசா சொல்லு!" என்று கத்தினேன். "வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறியா, போனை வைக்கட்டுமான்னு கேக்கறியா?"

"நீயும் அங்கதான் இருக்கியா?"

"நான் எங்க போவேன்? கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீட்டுக்கு" என்றான். "வீட்டுக்கு வரட்டுமான்னுதான் கேட்டேன்."

அண்ணி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் கூடம் சின்னது, எங்கே திரும்பி நின்று பேசினாலும் கேட்கும்.

"இதைப் போய்க் கேக்கணுமா?" என்றாள். "நான் வாங்கன்னு சொன்னதெல்லாம் வாங்கன்னுதாங்க சொன்னேன்."