பின்காற்றில் தடுப்பணை வரை

அந்தச் சலவைக்கூடத்தின் பின்பக்க ஜன்னல் ஆற்றைப் பார்த்திருக்கும். ஜன்னலுக்கும் ஆற்றுக்கும் நடுவே தார் போட்ட சைக்கிள் பாதை. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவது அக்காவின் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் அவள் மடித்த விரிப்பில் ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும், நூலிழை பிசகாது. தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மணிச்சத்தம் கேட்கும். "வந்துட்டாருப்பா பாதைக்காரர்" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். அக்கா நிமிர்ந்து பார்க்கமாட்டாள். முகம் மட்டும் பூத்துவிடும்.

பாதைக்காரர் அவளுடைய தம்பி. நகரத்தில் தொடங்கி, ஆற்றோரமாகவே வளைந்து வளைந்து ஊரைத் தாண்டித் தடுப்பணை வரை போகும் அந்தப் பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது அவன் பொறுப்பு. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு இழுவைப் பெட்டி. அதில் துடைப்பம், மண்வாரி, கிளை வெட்டும் கத்தி. பாதையில் ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. "பாதையை யார் வேணா போட்டுட்டுப் போகலாம். பாத்துக்கிறதுக்கு என் தம்பிதான் வேணும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா சொல்வாள். கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொல்வாள்.

காலையில் மட்டுமே கிளம்புவான், நண்பகலுக்குள் திரும்பிவிடுவான். காலை நேரத்தில் காற்று தடுப்பணைப் பக்கமிருந்து நகரத்தை நோக்கி வீசும். உச்சிப்பொழுதுக்குப் பிறகு அப்படியே திரும்பிக்கொள்ளும். "போகும்போது காத்துகிட்ட திட்டு வாங்கிக்கணும்க்கா. அப்பதான் திரும்பி வரும்போது அதுவே முதுகில கைவெச்சுத் தள்ளிவிடும்" என்பான்.

பிறகு அவன் கால்களுக்கு என்னவோ வந்தது. முதலில் படியேறும்போது முழங்கால் மடங்கியது. அப்புறம் சமதரையிலேயே. மருத்துவர் நரம்பு என்றார், தசை என்றார், ஓய்வு என்றார். குணமாகும் என்று மட்டும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே மணிச்சத்தம் நின்றுபோனது. வேறு யாராவது மணியடித்தால் அக்காவின் கை இஸ்திரிப் பெட்டியோடு ஒரு கணம் நின்று, பிறகு நகரும்.

பாதை வேலைகளின் கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். "திங்கட்கிழமை காலையில வாப்பா. நானும் கூட வர்றேன். தடுப்பணை வரைக்கும் போய்த் திரும்பிட்டீன்னா வேலை உன்னுது. முடியலேன்னா வேற ஆளைப் போட்டாகணும். என்னைத் தப்பா நினைக்காதே" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒருதடவை போய்ப் பாத்துடலாம்டா" என்றாள் அக்கா. "சனிக்கிழமை காலையில லீவு சொல்லிடறேன்."

"லீவு எதுக்கு? சனிக்கிழமை மத்தியானத்தோட உனக்கு வேலை முடிஞ்சிடுதுல்ல. அப்புறமா கிளம்புவோம்."

அக்கா எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அவன் சைக்கிள், தன் சைக்கிள் இரண்டின் டயரையும் அழுத்திப் பார்த்தாள், செயினுக்கு எண்ணெய் விட்டாள், பிரேக்கைப் பிடித்து விட்டுப் பார்த்தாள். பம்ப், பங்க்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், அவித்த முட்டை, உப்பு தனியாக ஒரு பொட்டலம்.

"ஆத்தோரமாத்தானே போறோம்? கப்பல் ஏறிப் போற மாதிரி கட்டுறியே" என்றான் தம்பி.

"வாயால மிதிக்காம காலால மிதி."

சலவைக்கூடத்தைக் கடக்கும்போது அவன் மணியடித்தான். இயந்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். "பாதைக்காரர் வந்துட்டாருடி!" அக்கா அன்று நிமிர்ந்து பார்த்தாள், ராணிபோல ஒரு கையை வேறு தூக்கிக் காட்டினாள்.

ரயில் பாலத்தின் நிழல் வந்தது, போனது. வீடுகளின் முதுகுகளும் துணிக்கொடிகளும் பின்தங்கின. அதற்கப்புறம் நாணல்தான், தண்ணீர்தான், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள்தான். தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தான். கால்கள் மெதுவாகத்தான் சுழன்றன, ஆனால் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு இருபுறமும் முன்னோக்கிப் படபடத்தது. அதை அக்கா பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தம்பி ஓட்டுகிறான், அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. நாணலெல்லாம் அவர்கள் போகும் திசைக்கே தலைசாய்த்து வழிகாட்டிக்கொண்டிருந்தது.

தடுப்பணையில் முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அந்த டாக்டரை இங்க கூட்டிட்டு வந்து காட்டணும்டா" என்றாள். "திங்கட்கிழமை கண்காணிப்பாளர்தான் மூச்சு வாங்கப் போறாரு."

தம்பி தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அழகா இருக்குல்லக்கா?" என்றான்.

திரும்பினார்கள். முதல் வளைவிலேயே காற்று முகத்தில் அறைந்தது. அக்காவே எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் சைக்கிள் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் இறங்கி, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"காத்து திரும்பிடுச்சேடா! எனக்குத்தான் புத்தியில்ல. உனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷம் இந்தக் காத்தோட மல்லுக்கட்டினவன். தெரியாம இருக்குமா?"

"பின்ன ஏண்டா மத்தியானம் கிளம்பினே?"

அவன் ஹேண்டில்பாரிலிருந்து தலையைத் தூக்கினான். "புதன்கிழமை காலையில தனியா வந்து பாத்தேன்க்கா. ரயில் பாலத்தைத் தாண்டல. என்னைத் தாண்டி ஒரு சின்னப் பொண்ணு மூணு சக்கர சைக்கிள்ல போனா." சிரிக்கப் பார்த்தான். "இத்தனை வருஷமா நீ ஜன்னல் வழியாத்தானே என்னைப் பாத்திருக்கே. நான் கடைசி வரைக்கும் போய்ச் சேர்றதை நீ ஒருதடவையாவது பக்கத்தில இருந்து பாக்கணும்னு நினைச்சேன்."

அக்கா தன் சைக்கிளைத் திருப்பி அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பஸ்ல போயிடலாம்டா. ரோடு கிட்டத்தான் இருக்கு."

"சைக்கிளை ஏத்தமாட்டாங்க."

"விட்டுட்டு வா."

"பாதையில குப்பை போடச் சொல்றியா?"

நடந்தார்கள். சைக்கிள்மேல் சாய்ந்து அவன் நடந்தான். அது அவனைத் தாங்கிக்கொண்டு வந்தது. வழியிலிருந்த ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். அந்த பெஞ்சுகளையெல்லாம் துடைத்து வைத்தவன் அவன்தான். உட்கார்ந்தது அன்றுதான்.

ஓரிடத்தில் நின்றான். பாதை நடுவே உடைந்த பாட்டில். குனியப் பார்த்தான், சைக்கிளோடு சரிந்தான். அக்கா தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எடுத்துடுக்கா. யாராவது வருவாங்க."

அவள் ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி முட்டைப் பையில் போட்டாள். "அந்தப் பொடியையும்" என்றான். பொடியையும் எடுத்தாள்.

"திங்கட்கிழமை?" என்று கேட்டாள், குனிந்தபடியே.

"நாளைக்கே அவருக்குச் சொல்லிடறேன். பாவம், அந்த மனுஷனை எதுக்குச் சும்மா எதிர்காத்துல மிதிக்க விடணும்?"

சலவைக்கூடத்தை நெருங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, உள்ளே விளக்கில்லை. பழக்க தோஷத்தில் தம்பியின் கட்டைவிரல் மணியின்மேல் போய் நின்றது. உள்ளே யாருமில்லை. கேட்க வேண்டியவளோ பக்கத்தில் கண்ணாடிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டித் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அவன் விரலை எடுத்துவிட்டான்.