குணசீலனின் கறுப்பு யானை

கிள்ளான் குணசீலன் காலமானார் என்ற செய்தி நம் சதுரங்கக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் பங்சாரில் ஆபீசில் இருந்தேன். உண்மைதானா என்று இரண்டு பேருக்குப் போன் போட்டு விசாரித்தேன். அவர் விஷயத்தில் எதையும் நான் சட்டென்று நம்பியதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் குழுவுக்கும் கிள்ளான் குழுவுக்கும் நடந்த இறுதிச் சுற்று உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் குணசீலனுக்கும் நடந்த ஆட்டம்தான் கோப்பையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எனக்கு வெள்ளை, அவருக்குக் கறுப்பு. என் கை ஓங்கியிருந்தது. அவரோ ஒவ்வொரு முறை காயை நகர்த்தியதும் எழுந்து வெளியே போய் வந்தார். ஒருமுறை திரும்பியவர், உட்காராமலே தன் யானையை என் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குக் காவல் ஒன்றும் இல்லை. ராஜாவே வெட்டலாம். வெளியே எவனோ போனில் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. கம்ப்யூட்டர் யானையைச் சும்மா கொடுக்குமா? ஏதோ பொறி என்று நினைத்து, வெட்டாமல் ராஜாவை ஒதுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தோற்றேன்.

நடுவரிடம் புகார் செய்தேன். சோதித்ததில் குணசீலனின் சட்டைப்பையில் இரண்டு இஞ்சி மிட்டாயும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தையும் பிரிக்கச் சொன்னேன்.

"அப்படியே கொஞ்சம் பூசிக்குங்க பாஸ், சந்தேகம் தீரும் லா" என்றார் குணசீலன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தீரவில்லை. அவரைத் திருட்டு ஆட்டக்காரர் என்று உங்களில் பலரிடம் சொன்னவன் நான்தான்.

பிறகு எங்கே பார்த்தாலும் முதலில் தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டுவார். "செக் பண்ணிட்டீங்களா? வாங்க, மக்கான் போலாம்." போவேன். சாப்பிடும்போதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

துக்க வீட்டில் அவர் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அப்பாவுக்கு உங்க மேல கோவமே இல்ல அங்கிள். 'நான் போட்ட மூவ கம்ப்யூட்டர் போட்டதுன்னு நெனச்சாரே, அது போதும்'னு சொல்லிச் சிரிப்பாரு."

வீடு திரும்பியதும் அன்றைய நகர்வுகளைக் குறித்த பழைய ஆட்டத்தாளை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் நேர்மையானவர் என்று வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஒரு நொடியில் விடை வந்தது. யானையை அங்கே வைத்தது படுமோசமான தவறு. வெட்டியிருந்தால் ஜெயம் எனக்கு. எந்தக் கம்ப்யூட்டரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்காது.

குணசீலன் ஏமாற்றவில்லை, நண்பர்களே. தப்பாக ஆடினார். அவரைச் சந்தேகித்ததால் நான் தோற்றேன். அவர் கையெழுத்திட்ட அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. இதை அவரிடமே சொல்லி, சேர்ந்து சிரிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன.