காசியம்மாள் வண்டியின் முதல் இலக்கம்

"திருவண்ணாமலை, 19 ஜனவரி 2026. ஐயா, எங்கள் குழுவில் ஒரு வழக்கு. தாங்கள் வந்து பிரேம் எண்ணைப் படித்துச் சொன்னால் தீரும். தின்னரும் பிளேடும் இங்கேயே இருக்கின்றன. தாமோதரன், செயலாளர்."

அஞ்சலட்டை 22ஆம் தேதி வேலூரில் என் கைக்கு வந்தது. தாமோதரன் உடற்பயிற்சி ஆசிரியர். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களைச் சேர்த்துக் குழு நடத்துவதால் கடிதமும் பழைய முறையில்தான் எழுத வேண்டும் என்று நினைப்பவர். ஆனால் அதே வாசகம் அட்டையை எழுதிய அன்றே வாட்ஸப்பிலும் வந்துவிட்டது.

வழக்கு இதுதான். ஒவ்வொரு தை மாதமும், பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவினர் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரையும் பழைய வண்டிகளில் சுற்றுகிறார்கள். விதிகள் இரண்டு. வண்டி டெம்போவில் ஏறி வரக் கூடாது, தன் சக்கரத்தில் வர வேண்டும். இருப்பதிலேயே பழைய வண்டி முதலில் போகும், அதன் படம் அடுத்த ஆண்டுக் காலண்டரில் வரும். இதுவரை முதலில் போனது டயர் கடை சலீம் பாயின் வண்டி. இந்த ஆண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து தனம் என்ற பெண்மணி, தன் அம்மாவின் வண்டி அதைவிடப் பழையது என்கிறார். இரண்டும் ஒரே இங்கிலாந்துக் கம்பெனியின் தயாரிப்பு. பிரேமில் அடித்த எண்ணைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்வது என் பழக்கம். நான் பார்த்தவரை அந்தக் கம்பெனி வண்டிகளில் எண் சிறியதாக இருந்தால் வண்டி பழையது. சலீம் பாயின் எண் ஐந்து இலக்கம், 5-இல் தொடங்குகிறது. தனத்தின் வண்டியில் எண் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. பிற்பகல் 2.40க்கு வேலூரில் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம், போளூர் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் கிரிவலத்துக்கா என்று கேட்டார். சைக்கிள் பார்க்க என்றேன். "ஏன் சார், வேலூர்ல கடை இல்லையா?" என்றவர், போளூரில் இறங்கும் வரை என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து மணிக்குக் கலசபாக்கம் தாண்டியதும் மலை தெரிந்தது. விடுதி அறைக்கு எண்ணூறு ரூபாய். பௌர்ணமியன்று இதே அறை இரண்டாயிரம் என்று மேலாளர் பெருமையாகச் சொன்னார்.

பிப்ரவரி 8, தை 25, ஞாயிறு. காலை 5.30க்குச் செங்கம் சாலையில் ஒரு நெல் மண்டியின் முற்றத்தில் கூடினோம். பதினொரு வண்டிகள் நின்றன. எல்லாவற்றிலும் கம்பி பிரேக், பாதிக்கு மேல் டைனமோ. யாரும் முதலில் ஆளுக்கு வணக்கம் சொல்வதில்லை. வண்டியைச் சுற்றி வந்து, பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தனத்துக்கு ஐம்பது வயது இருக்கலாம். சத்துணவு மையத்தில் அமைப்பாளர். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டரை முந்தின நாள் மாலையே மிதித்து வந்து, நாத்தனார் வீட்டில் தங்கியிருக்கிறார். அவருடைய வண்டி பச்சை. இடப்பக்கம், ஹேண்டிலிலிருந்து சீட்டை நோக்கி, பாரின் நீளத்துக்கும் மஞ்சள் எனாமலில் ஒரு பெயர்: காசியம்மாள். கடைசி இரண்டு எழுத்துகள் பார் சீட்டுக் குழாயோடு சேரும் இடத்தில் விழுகின்றன. அந்தக் கம்பெனி எண் அடிப்பது சரியாக அங்கேதான்.

இனிஷியல் ஏன் இல்லை என்று கேட்டேன். "அப்பன் எழுத்தா, புருஷன் எழுத்தானு பெயிண்டர் கேட்டாராம். வண்டி வாங்குனது நானுன்னாங்களாம் அம்மா" என்றார் தனம்.

கடலை பறித்த கூலியைச் சேர்த்துக் காசியம்மாள் பழைய வண்டியாகவே வாங்கியது. எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, தனம் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என்ற விடைதான் கிடைத்தது. காசியம்மாளுக்குக் கடைசிவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேரியரில் கடலை மூட்டையை வைத்து அவலூர்பேட்டை சந்தைக்குத் தள்ளிக்கொண்டே போவார். கணவர் வண்டியை எடுக்க வேண்டுமானால் கேட்டுத்தான் எடுப்பார். மனைவி பெயரைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகிறான் என்று ஊர் அவரைக் கேலி செய்ததாம். அவர் கவலைப்படவில்லை, நடப்பதற்கு அது மேல் என்றாராம்.

தாமோதரன் விசிலை ஊதி எல்லோரையும் கூட்டினார். தின்னர் பாட்டிலையும் பிளேடையும் என்னிடம் கொடுத்தார். சலீம் பாய் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கம்மி நம்பர் இருந்தா தனம்மா முன்னால போகட்டும் சார், நான் தடுக்கல. ஆனா பெயிண்டைப் பார்த்து வயசு சொல்லாதீங்க. எங்க மச்சான் டை அடிச்சிட்டுத்தான் பொண்ணு பார்க்கப் போனான்."

எவ்வளவு போகும் என்று தனம் என்னைக் கேட்டார். கடைசி இரண்டு எழுத்தும் போகும் என்றேன். நல்ல பெயிண்டர் திரும்ப அப்படியே எழுதிவிடுவார் என்றும் சொன்னேன். அதை நான் உண்மையாகவே நம்பினேன்.

தனம் பாரின் மேல் கையை வைத்தார்.

"நிலம் அப்பா பேர்ல. வீடு அண்ணன் பேர்ல. ரேஷன் கார்டுல அம்மா பேரு இருந்துச்சு, அப்பாவுக்குக் கீழே. தனியா அவங்க பேரு எழுதுனது இது ஒண்ணுதான் சார். அது காலண்டர்ல வரணும்னுதான் மிதிச்சிட்டு வந்தேன். சுரண்டிட்டா காலண்டர்ல என்ன வரும்? காசியம்னா?"

யாரோ சிரித்தார்கள். சலீம் பாய் சிரிக்கவில்லை. தாமோதரன், எண் தெரியாத வண்டியை முதலில் விட முடியாது, விதியை எழுதியதே தான்தான் என்றார்.

சுரண்டாமல் ஒரு வழி இருந்தது. மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அடியிலுள்ள பள்ளம் தாளில் வெள்ளையாக விழும். தடித்த எனாமலில் இது பலிக்காது. ஆனாலும் விரலால் தடவிப் பார்த்தபோது ஓரிடத்தில் பெயிண்ட் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஏன் அங்கு மட்டும் என்று கேட்டேன். தனம் வண்டியின் இடப்பக்கம் வந்து நின்று, இடக்கையால் ஹேண்டிலைப் பிடித்து, வலக்கையைச் சீட்டுக்குக் கீழே பாரின் முனையில் வைத்து, இரண்டடி தள்ளிக் காட்டினார். அவருடைய உள்ளங்கை சரியாக அந்த இடத்தில் இருந்தது.

தாளை வைத்துத் தேய்த்தேன். 4 வந்தது. பிறகு 1, பிறகு 7, பிறகு இன்னொரு 1. கை பட்ட இடம் அவ்வளவுதான். முதல் இலக்கம் தடித்த பெயிண்டுக்கு அடியிலேயே இருந்தது. வலப்பக்கம் இரண்டு வளைவுகள் தெரிந்தன. இடப்பக்கம் அவை மூடியிருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. 3 என்றால் சலீம் பாயின் வண்டியைவிடப் பழையது. 8 என்றால் புதியது. இரண்டு தாள்களில் எடுத்தேன். உருப்பெருக்கியில் பத்துப் பேரும் பார்த்தார்கள். ஆறு பேருக்கு 3, நான்கு பேருக்கு 8. மூன்று என்று சொன்னவர்களில் சலீம் பாயும் ஒருவர்.

"எனக்கு மூணாத்தான் தெரியுது. ஆனா என் கண்ணாடி பவர் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, என்னை நம்பாதீங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல முடியாது என்றேன். நான் போனதே அதைச் சொல்லத்தான். மஞ்சள் எழுத்தில் ஒரு நகக்கண் அளவு எடுத்தால் போதும் என்றும் சொன்னேன்.

"வேணாம் சார். மூணோ எட்டோ இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தனம். "பி.டி. சார், நான் கடைசியில வரேன்."

6.25க்குப் புறப்பட்டோம். சலீம் பாய் முதலில். எனக்குத் தாமோதரன் தன் இரண்டாவது வண்டியைக் கொடுத்திருந்தார். நான் தனத்தோடு கடைசியில் போனேன். மலை வலப்பக்கம். அந்த நேரத்திலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் இருந்தார்கள். பதினொரு பெல்லும் சேர்ந்து ஒலித்ததும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். முன்னால் போன வண்டிகள் எந்தக் காலத்தவை என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடி அண்ணாமலையில் தேநீருக்கு நின்றோம், டீ பதினைந்து ரூபாய். தனம் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். என் பையில் பிளேடு இருந்தது. அது பையிலேயே இருந்தது. டீக்கடைப் பெண்மணி கண்ணாடி டம்ளரை நீட்டும்போது பாரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "காசியம்மாள். யாருங்க அது?"

திரும்பி வந்த தனம், "எங்க அம்மா" என்றார். எந்த ஊர், என்ன வேலை, இருக்கிறாரா என்று அவர் கேட்க, இவர் சொல்ல, பேச்சு நீண்டது. தாமோதரன் இரண்டுமுறை விசில் ஊத வேண்டியதாயிற்று.

8.10க்கு மண்டிக்குத் திரும்பினோம். காலண்டருக்குச் சலீம் பாயின் வண்டியைப் படம் எடுத்தார்கள். அவர் இடுப்பில் கை வைத்து நின்றார், முகம் மட்டும் அவ்வளவு நன்றாக இல்லை. "நீங்க எட்டுனு சொல்லியிருந்தா இன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குவேன் சார்" என்றார்.

கிளம்பும்போது தனம் அந்தத் தாளைக் கேட்டார். இரண்டில் தெளிவானதைக் கொடுத்தேன். எண்களோடு பெயிண்டின் விளிம்பும் அதில் விழுந்திருந்தது, அரைகுறையாக ஒரு 'மா', அதற்குப் பக்கத்தில் ஒரு 'ள்'. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. சத்துணவு மையத்துச் சுவரில் காலண்டர் மாட்டும் ஆணி ஒன்று இருக்கிறது, அதில் இதை மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, மடிக்காமல் சுருட்டி ஹேண்டிலில் கட்டிக்கொண்டார்.

என் வீட்டில் மூன்று பழைய வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் எண்கள் எனக்கு மனப்பாடம், தயாரான ஆண்டுகளும் தெரியும். எனக்கு முன்னால் யார் வைத்திருந்தார்கள் என்பது ஒன்றைப் பற்றியும் தெரியாது.

மிஞ்சிய தாள் என் மேசையில் இருக்கிறது. விளக்கை இடப்பக்கம் வைத்தால் 3 போலவும் வலப்பக்கம் வைத்தால் 8 போலவும் தெரிகிறது. கீழ்பென்னாத்தூர் காசியம்மாளின் வண்டி: பின் நான்கு இலக்கங்கள் 4171. முதல் இலக்கம் உறுதி செய்யப்படவில்லை.