ஓங்கிலுக்கு வைத்த குங்குமம்

அரியலூர் ஸ்டேஷன் வாசலில், இடுப்பில் கூடையோடு நிற்கிறேன். கூடைக்குள் எங்கள் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய ஓங்கிலின் மண்டை ஓடு; படித்தவர்கள் டால்பின் என்பார்கள். எந்தக் கடலில் எந்தத் திமிங்கலம், எந்த ஓங்கில் இருக்கிறதென்று காலேஜ் சார் ஒருவர் படம் வரைகிறார். மண்டையைக் கண்ணால் பார்த்தால்தான் எங்கள் கரையைப் படத்தில் போடுவாராம். இப்போது இந்த ஊர் ஓடையில் கல்லாய்ப்போன சங்கு பொறுக்குகிறார். சாயங்கால ரயிலில் கிளம்பிவிடுவார்.

ஓடைக்குப் போக வண்டி கேட்டதும் மாட்டுவண்டிக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"எலும்பெல்லாம் ஏத்த மாட்டேன் ஆயா. ஆமா, மூக்கு இம்மாம் நீளமா இருக்கே, கொக்கா?"

"கொக்குக்குப் பல்லு இருக்குமா தம்பி? இது ஓங்கில். கடல்ல கெடந்தாலும் மீனில்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"பாலா?"

"பின்னே? பொய் சொல்லவா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தேன்?"

அவர் கீழே குதிக்கிறார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பால் குடுக்கிற சீவனை வெயில்ல நிக்க வுடுவேனா?"

வைக்கோலைப் பரப்பிக் கூடையை வைக்கிறார். வெள்ளிக்கிழமை, மாடுகளின் நெற்றியில் குங்குமம். அதிலிருந்து தொட்டு ஓங்கிலுக்கும் ஒரு பொட்டு வைக்கிறார். நான் தடுக்கவில்லை. அழகாகத்தான் இருக்கிறது.

ஓடையில் சார் மண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறார். பொட்டைக் கண்டதும் திகைக்கிறார்.

"இது என்னம்மா?"

"அது அரியலூர்ல வச்சது சார். நீங்க தரங்கம்பாடின்னே எழுதுங்க."

எழுதுகிறார். பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன்.